கஞ்சி போட்ட துணி

“பயமில்லாத வேலை ஏதாவது இருந்தா சொல்லிக்குடுங்க டீச்சர்.”

தையல் படிக்க வந்த முதல் நாள் குருவம்மாள் கேட்டது இதுதான்.

ஜெபமணி டீச்சர் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். கூர்முனையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிடியை அவளிடம் நீட்டினார்.

குருவம்மாள் வாங்கவில்லை.

“இதைத் தவிர வேற வேலை எனக்குத் தெரியாதுக்கா,” என்றார் டீச்சர்.

குருவம்மாளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. டீச்சருக்கு அவளுடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். இவள் அவரை டீச்சர் என்றாள்; அவர் இவளை அக்கா என்றார். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஓரத்தில், ஒரு பழைய பருத்தி குடோனை வாடகைக்குப் பிடித்து டீச்சர் தையல் சொல்லிக்கொடுத்துவந்தார்.

குருவம்மாள் அதுவரை பார்த்ததெல்லாம் ஒரே வேலை. பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து அடைப்பது. தாவணி போட்ட வயதில் போனவள். பத்திரிகையில் வருகிற விபத்தெல்லாம் வேறு ஆலைகளில்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்கு அடுத்த அறை இல்லாமல் போனது.

சத்தம்கூட அவளுக்கு நினைவில்லை. ஓடினது மட்டும் நினைவிருக்கிறது. கூடவே ஓடிவந்தவள் செண்பகம். இரண்டு பேரும் தார் ரோட்டில் வந்து விழுந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டு நிலைமை செண்பகத்தைத் திரும்பவும் ஆலைக்கே அனுப்பிவிட்டது. குருவம்மாளால் போக முடியவில்லை. ஆலைக்கு மட்டுமல்ல, அடுப்படிக்கும்தான். அடுப்பை அவள் புருஷன் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். கார்த்திகைக்கு ஊரெல்லாம் விளக்கேற்றும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் தையலுக்கு வந்தாள். ஊசியும் நூலும் யாரையும் கொல்லாது என்று வந்தாள்.

*

டீச்சர் அவளை மிஷினில் உட்காரவிடவில்லை.

ஒரு கூடை நிறைய வெட்டுத்துணிகளை முன்னால் வைத்தார். தினமும் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்பார்.

முதல் வாரம் முழுவதும் குருவம்மாள் “துணி” என்றே சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அதே துண்டை மறுபடியும் கொடுத்தார்.

எப்போதுதான் தைக்கப்போகிறேன் என்று அவள் கேட்டாள். எதன்மேல் தைக்கிறோம் என்று தெரிந்தபிறகு என்றார் டீச்சர்.

மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கையில் கசக்கிப் பிடித்துவிட்டால் பருத்தி சுருங்கியே கிடக்கும். பாலியஸ்டர் முகத்தில் அடித்தாற்போல் விரிந்துகொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பருத்தி குடித்துவிடும். பாலியஸ்டர் அதை உருட்டி விளையாடும். ரேயான் பருத்தி மாதிரியே நடிக்கும், ஆனால் நூலை நனைத்து இழுத்தால் பொசுக்கென்று அறுந்துபோகும். ஜார்ஜெட்டைக் கத்தரியில் வெட்டப்போனால் வழுக்கிக்கொண்டு ஓடும். எந்தத் துணியானாலும் நெடுக்கே இழுத்தால் நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் நீளும்.

“இத்தனை வகை எதுக்கு டீச்சர்? உடம்பை மறைச்சாப் போதாதா?”

டீச்சர் எழுந்து வந்தார். அவள் வலது தோளில் ஒரு பாலியஸ்டர் துண்டையும் இடது தோளில் ஒரு பருத்தித் துண்டையும் போர்த்தினார். முற்றத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உச்சி வெயில்.

கொஞ்ச நேரத்தில் குருவம்மாள் வலது தோளைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தாள். அந்தக் கேள்வியை அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை.

ஒரே ஒரு பாடம் மட்டும் அவளுக்கு நடக்கவில்லை. நூலைக் கொளுத்திப் பார்க்கிற பாடம். டீச்சர் தீப்பெட்டியைக் கையில் எடுத்ததுமே குருவம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். டீச்சர் கூப்பிடமாட்டார். எல்லாம் முடிந்தபிறகு வெளியே வந்து, ஆறிப்போன மிச்சத்தை அவள் உள்ளங்கையில் வைப்பார். பருத்தி என்றால் விபூதி மாதிரிச் சாம்பல், ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் என்றால் கடுகு மாதிரி ஒரு கறுத்த உருண்டை, நசுக்கினால் நசுங்காது.

அவள் சாம்பலைப் படித்தாள். தீயைப் பார்க்கவில்லை.

*

ஆனி மாதம். ஈரமே இல்லாத காற்று வீசிக்கொண்டிருந்தது.

பட்டாசு ஆலையின் போர்மேன் தங்கமாரி ஒரு சாயங்காலம் வண்டியில் நீலத் துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மருந்து அறையில் வேலைபார்ப்பவர்களுக்கு மேல்சட்டை தைக்க வேண்டும் என்றார். பருத்தி மட்டும்தான் போடலாம், நைலான், பாலியஸ்டர் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

அந்தத் துணிகள் உரசினால் பொறி வரும். வீட்டில் என்றால் முடி சிலிர்க்கும், அவ்வளவுதான். மருந்து அறையில் அவ்வளவுதான் என்று ஒன்று கிடையாது.

குருவம்மாள் எதைவிட்டு ஓடிவந்தாளோ அது வண்டி பிடித்து வந்து எதிரே நின்றது.

டீச்சர் மேலே கிடந்த ரோலைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தார். கையில் கசக்கிப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது, கசங்கின கோடு அப்படியே நின்றது.

“காட்டன்தான்,” என்றார்.

அன்றைக்கே அதில் ஒரு சட்டை வெட்டி, முதுகில் நாடா வைத்துத் தைத்து முடித்தார். மறுநாள் காலையில் தங்கமாரி வந்து அதை வாங்கிக்கொண்டுபோனார். ஒருநாள் முழுக்க ஒருத்தி போட்டு வேலைபார்க்கட்டும், அளவு சரியா என்று தெரிந்துவிடும் என்றார். யாருக்குப் போடுவார்கள் என்று குருவம்மாள் கேட்டாள்.

செண்பகத்துக்கு என்றார் அவர்.

டீச்சர் நூலும் நாடாவும் வாங்க டவுனுக்குக் கிளம்பினார். மற்ற துணியை அவளையே வெட்டச் சொன்னார். வெட்டுவதற்கு முன்னால் ஒருதடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

“நீங்கதான் பாத்துட்டீங்களே டீச்சர்.”

“நான் பாத்தது எனக்கு. வெட்டப்போறது உங்க கை.”

*

குருவம்மாள் தனியாக இருந்தாள்.

மேசையில் துணியை விரித்தாள். சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

கசக்கிப் பார்த்தாள். டீச்சருக்கு நின்ற கோடு அவளுக்கும் நின்றது. பருத்திதான்.

மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தாள். முடியவில்லை. அந்த நீலத்துக்குள் யார்யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

இவ்வளவு மொடமொடப்பு எதற்கு என்று அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி போட்டால் எதுவும் கசங்கின கசங்கலில் நிற்கும்.

ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வாளியில் போட்டு அலசினாள். தண்ணீர் பால்போல் வெளுத்தது. பிழிந்தாள், மறுபடியும் அலசினாள். தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். கொடியில் போட்டாள். அந்தக் காற்றில் காய அதிக நேரம் ஆகவில்லை.

காய்ந்த துண்டைக் கைக்குள் கசக்கிப் பிடித்தாள். விரலைத் திறந்தாள்.

துணி மெதுவாக, தானாக விரிந்தது.

அவள் அதைத் தன் முன்னங்கையில் வேகமாகத் தேய்த்துவிட்டுத் தூக்கினாள். கைமுடி எல்லாம் எழுந்து துணியின் பக்கம் சாய்ந்தது.

இருந்தாலும் நிச்சயமில்லை. டீச்சர் பருத்தி என்று சொல்லியிருக்கிறார். இவளோ தையலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனால் சிரிப்பார்கள். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

தீப்பெட்டி டீச்சர் மேசையில் இருந்தது.

அதைத் தொடவே அவளுக்கு நேரம் பிடித்தது. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதை உரசினாள், மருந்து உதிர்ந்தது. அடுத்த குச்சியை எடுக்கும்போது பெட்டியே கைநழுவித் தரையெல்லாம் குச்சி சிதறியது. மண்டியிட்டுப் பொறுக்கினாள். பொறுக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

செண்பகம் அந்தச் சட்டையைப் போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தாள்.

குச்சியை உரசினாள். பிடித்துக்கொண்டது.

ஒதுங்கி ஓடாமல் நின்றாள். துண்டிலிருந்து உருவி இடுக்கியில் பிடித்த நூலைச் சுடரில் காட்டினாள். முதலில் பருத்தி மாதிரிதான் எரிந்தது. காகிதம் எரிகிற வாசனைகூட வந்தது. பிறகு நூல் சுருண்டது. கறுத்த புகை எழும்பியது. அணைந்தபின் ஆறவைத்து விரலில் எடுத்தாள். மேலே இருந்த சாம்பல் உதிர்ந்தது.

உள்ளே ஒரு கறுத்த உருண்டை இருந்தது. நசுக்கினாள். நசுங்கவில்லை.

கலப்புத் துணி.

*

ஆலை ஆபீஸ் நம்பருக்குப் போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. உள்ளே வேலைபார்க்கிறவர்கள் யாரிடமும் போன் இருக்காது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

நடந்தாள். நடை ஓட்டமானது. பனங்காட்டைத் தாண்டினால் ஆலை.

ஆலைச் சுவர் கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது. அந்தச் சுவரை அவள் விபத்துக்குப்பிறகு பார்த்ததே இல்லை. பஸ்ஸில் அந்த வழி போகும்போதும் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். திரும்பிப் போய்விடலாம், டீச்சர் வந்ததும் சொல்லலாம் என்று மனசு சொன்னது. கால் மட்டும் முன்னால் போனது.

வாசலில் காவலாளி தடுத்தார். தன் இடுப்பில் அவள் கைவைத்தபோதுதான் உறைத்தது. தீப்பெட்டி முந்தானை முடிச்சில் இருந்தது.

எடுத்து நீட்டினாள். காவலாளி முகம் வெளிறிப்போனது. அவர் அதை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

அடுத்தது அவள் கட்டியிருந்த சேலை. ஆலையை விட்டபிறகு வாங்கின சேலை, பாலியஸ்டர். இதோடு உள்ளே போனால் இவளே ஒரு தீக்குச்சி.

வாசலருகே தண்ணீர்த் தொட்டி இருந்தது. வாளியை எடுத்து மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு வாளி. நனைந்த துணியில் பொறி வராது. செருப்பை விட்டுவிட்டு, சேலை சொட்டச்சொட்ட, வெறுங்காலோடு உள்ளே நடந்தாள்.

ஓடவில்லை. அந்த இடத்தில் யாராவது ஓடுவதைப் பார்த்தால் எல்லாரும் ஓடுவார்கள். செண்பகமும் துள்ளி எழுந்து ஓடுவாள், அந்தச் சட்டையோடு.

மருந்து அறைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டாள். மருந்தில் தண்ணீர் படுவதும் ஆபத்துதான். திறந்த கதவு வழியாக அறை தெரிந்தது. நான்கு பெண்கள் ரப்பர் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புது நீலச் சட்டையில் செண்பகம். அவள் மடிக்கு முன்னால் வெடிமருந்தில் சேர்க்கிற வெள்ளிப்பொடித் தட்டு.

“செண்பகம்.”

சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். கடைக்குப் போகக் கூப்பிடுகிற மாதிரி.

செண்பகம் தலைநிமிர்ந்து சிரித்தாள். இவள் இந்த வாசலுக்கு வந்ததே அவளுக்கு ஆச்சரியம். “என்ன மதினி, இப்படி நனைஞ்சு நிக்கிறீக?”

“கையில இருக்கறத மெல்லக் கீழ வை.”

“எதுக்கு?”

“வச்சுட்டு எந்திரி. சட்டைய இழுக்காத, உதறாத. யார் மேலயும் உரசாம வா.”

செண்பகத்தின் சிரிப்பு நின்றது. அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

“காலையிலேருந்து மேல ஒட்டிக்கிட்டே இருக்கு மதினி,” என்றாள் மெதுவாக.

“தெரியும். வா.”

தட்டைக் கீழே வைத்தாள். கையை ஊன்றி எழுந்தாள். மற்ற மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகம் ஒரு அடி எடுத்து வைத்தாள். சட்டையின் ஓரம் அவள் சேலையில் உரசுகிற சத்தம் குருவம்மாளுக்குக் கேட்டது. உண்மையில் கேட்டிருக்க முடியாது. கேட்டது.

வாசல்படி. பிறகு மணல். பிறகு வேலி ஓரம்.

அறையைவிட்டு நன்றாகத் தள்ளி வந்ததும் குருவம்மாள் தீயணைப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கி அவள் தோளில் கவிழ்த்தாள். சட்டை முழுக்க நனைந்து கறுத்தது. அதன்பிறகுதான் முதுகு நாடாவை அவிழ்த்தாள்.

செண்பகம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

தங்கமாரி கோபமாக வந்தார். வேலையை நிறுத்த இவள் யார் என்று கேட்டார். துணி நல்லது என்று இவளுடைய டீச்சரே சொன்னாரே என்றார்.

குருவம்மாள் அவரை வாசலுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி வெகுதூரம் கூட்டிப்போனாள். ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த நூல் ஈரமாகிவிட்டது. வெயிலில் காயவைத்தாள். காவலாளியிடம் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கி, தங்கமாரியின் கண்முன்னால் கொளுத்தினாள். ஆறின மிச்சத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் நசுக்கிப் பார்த்தார். நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, மீதி ரோல்களைத் திருப்பி ஏற்றிவரப் போனார்.

போகிற வழியில் டவுனிலிருந்து வந்துகொண்டிருந்த டீச்சரைப் பார்த்து அவர் விஷயத்தைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஷேர் ஆட்டோவிலிருந்து டீச்சர் இறங்கும்போது குருவம்மாள் ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நனைந்த சட்டை. மடியில் அவளுடைய இரண்டு கைகளும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டீச்சர், நாளையிலேருந்து நான் வரல.”

டீச்சர் சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். தான் போட்ட தையலை விரலால் தடவிப் பார்த்தார். நேரான தையல். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

“இந்த நடுக்கம் இனிமே எனக்குப் போகாது,” என்றாள் குருவம்மாள். “இப்படி ஒரு கைய வச்சுக்கிட்டு நான் யாருக்கு என்ன தைக்க?”

டீச்சர் தன் வலது கையை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த அவள் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். அது ஆடாமல் அசையாமல் இருந்தது.

“நேத்து இந்தத் துணியத் தொட்டப்ப,” என்றார், “இது நடுங்கவே இல்லக்கா.”